பிள்ளை செய்த விளக்குக்கூடு கோணலாகவே இருக்கட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள். பாதி வகுப்பில் எழுந்து போகிறவர்களை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கைவேலை கொடுத்தால், அதை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கடையில் வாங்கியும் கொடுக்காதீர்கள். பிள்ளையே செய்யட்டும். கோணலாக வந்தால் கோணலாகவே எடுத்துக்கொண்டு போகட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், என் போனில் வந்து குவியும் விளக்குக்கூட்டுப் படங்கள். லேம்ப் ஷேட் என்று கடையில் சொல்வதைத்தான் விளக்குக்கூடு என்கிறேன். பல்பைச் சுற்றி அழகுக்கு மாட்டுவோமே, அதுதான். இந்த வருஷம் பல பள்ளிகளில் இதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஐஸ் குச்சியில் ஒன்று, நூலில் ஒன்று, பேப்பர் கப்பில் ஒன்று என்று வரிசையாக வருகிறது. கீழே ஒரு வரி: "டீச்சர், பாப்பா செஞ்சது. எப்படி இருக்கு?"

பாப்பாவுக்கு ஆறு வயது. படத்தில் இருப்பதோ அளவெடுத்து வெட்டி, குளூ கன்னால் ஒட்டி, ஓரத்தில் தங்க நிற லேஸ் வைத்த கூடு. முப்பத்து நாலு வருஷம் விடைத்தாள் திருத்திய கண் இது. எந்தப் பக்கம் யார் எழுதியது என்று எனக்குத் தெரியாதா? பாப்பா செய்தது அதில் ஒன்றே ஒன்றுதான். படத்துக்குச் சிரித்திருக்கிறாள்.

பேப்பர் கப் கூடு வேறு ரகம். "பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்" என்று தலைப்பாம். அதாவது வீட்டில் வீணாய்ப் போகிற பொருளில் உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும். அதற்காக அப்பா கடைக்குப் போய் நூறு புதுக் கப் வாங்கி வருகிறார். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை செய்த பொருளைப் புதிதாகக் காசு கொடுத்து வாங்கி, ஒருநாள் மேசையில் வைத்து, மறுநாள் குப்பையில் போட்டால் அதற்குப் பெயர் வேறு.

"கையால் செய்தால் செலவு மிச்சம்" என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அது பல நேரம் உண்மையும் இல்லை. பலூன், நூல், பசை எல்லாம் வாங்கினால் எங்கள் ஊர்க் கடையில் நூறு ரூபாய்க்குள் அடங்கும். இன்னும் கொஞ்சம் போட்டால் மெஷினில் செய்த காகித உருண்டை வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அது நம்முடையதைவிட அழகாகவும் இருக்கும். காசு கணக்குப் பார்த்தால் இந்த வாதத்தில் நான் தோற்றுவிடுவேன். என் கணக்கு வேறு. அதைச் சொல்வதற்கு முன் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை இதைச் செய்யும்போது என்னவெல்லாம் நடக்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது விளங்கும்.

ஒரு பலூனை உரிக்காத தேங்காய் அளவுக்கு ஊதி முடிச்சுப் போடுங்கள். முழு மூச்சுக்கு ஊத வேண்டாம். மேலே தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். இல்லையென்றால் நூல் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். முடிச்சைச் சுற்றி, சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். பத்து சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். அந்த வட்டத்துக்குள் நூல் வரக் கூடாது. பின்னால் பல்பு போகிற வழி அதுதான்.

நூலுக்கு எங்கும் அலைய வேண்டாம். பூக்கட்டும் பருத்தி நூலிலேயே கொஞ்சம் தடிமனானதை எடுங்கள். மெல்லிய சணலும் ஆகும். நைலான் வேண்டாம், பசையைக் குடிக்காது. ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, நூலை அதில் நனைத்து நனைத்துப் பலூனில் சுற்ற வேண்டும். மைதா பசையும் பிடிக்கும். ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும், கரப்பான் தேடி வரும். பைண்டிங் கடைக்காரர்கள் அதற்காக மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் வேண்டாம்.

சுற்றுவதில்தான் சூட்சுமம். ஒரே திசையில் சுற்றினால் கூடு நிற்காது. நூலும் நூலும் குறுக்கே வெட்டும் இடத்தில்தான் பசை இரண்டையும் பிணைக்கிறது. எவ்வளவு குறுக்கு வெட்டோ அவ்வளவு உறுதி. கட்டில் கயிறு பின்னிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சுற்றி முடித்ததும் நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுங்கள். வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து நூலைத் தள்ளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கும். ஈர நூலுக்குப் பிடிமானம் போய்விடும். நன்றாகக் காய்ந்து, தட்டினால் அட்டைபோல் சத்தம் வந்த பிறகு ஊசியால் ஒரு குத்து. பலூன் மெதுவாக நூலை விட்டு உரிந்து சுருங்கும். வட்டத்தின் வழியாக அதை வெளியே இழுத்துவிட்டால், காற்றைச் சுற்றிக் கட்டிய கூடு மட்டும் மிச்சம் நிற்கும். அந்த நிமிஷத்தில் பிள்ளை முகத்தைப் பாருங்கள். வேறு எதையும் படம் எடுக்க வேண்டாம், அதை எடுங்கள்.

துளை மேலே இருக்கும்படி, விளிம்பில் மூன்று இடத்தில் நூல் கட்டிக் கொக்கியில் தொங்க விடலாம். பல்பு மேலிருந்து உள்ளே இறங்கும். சூடான காற்று மேலே போக வழியும் இருக்கும். உள்ளே எல்இடி பல்பு மட்டும்தான். அது நூலைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். வயர், ஹோல்டர் வேலை பெரியவர்களுடையது. இந்த ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் கட்டாயம் கை வைக்க வேண்டும்.

இதில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் தடவை சரியாக வராது. பசை தண்ணீராகிவிடும், நூல் வழுக்கும், பலூன் முன்னாடியே வெடிக்கும், அவசரப்பட்டுக் குத்தினால் கூடு சப்பையாகும். நான் கேட்பது இந்தச் சப்பையைத்தான். ஏன் சப்பையானது என்று பிள்ளை யோசிக்கிற பத்து நிமிஷம் இருக்கிறதே, அதைத்தான் குளூ கன் எடுத்த அம்மாவும் ஆன்லைனில் ஆர்டர் போட்ட அப்பாவும் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். தெரியும். ஆனாலும் பிடுங்கல் பிடுங்கல்தான்.

சப்பையாகாமல் நின்ற கூட்டை மாட்டி, அறையை இருட்டாக்கி, பல்பைப் போடுங்கள். சுவரெல்லாம் நூல் கோடுகளாக நிழல் விழும். பல்பைக் கூட்டின் ஒரு பக்கமாக நகர்த்தினால் அந்தப் பக்கத்து நிழல் தடிமனாகும். பல்புக்குக் கிட்டே இருக்கும் நூலுக்குத் தூரத்து நூலைவிடப் பெரிய நிழல். பால்வெள்ளை மூடி போட்ட பல்பைப் போட்டால் நிழலின் ஓரம் மங்கும். உள்ளே இழை தெரிகிற கண்ணாடி எல்இடியைப் போட்டால் ஓரம் கூர்மையாகும். எட்டாம் வகுப்பில் நான் கருநிழல், புறநிழல் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினேனே, கடைசி பெஞ்சு முழுக்கக் கொட்டாவி விட்டதே, அந்தப் பாடம்தான் உங்கள் வீட்டுச் சுவரில் ஓடுகிறது. பெரிய ஒளிமூலம் மங்கிய நிழல் தரும், சின்ன ஒளிமூலம் கூரான நிழல் தரும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நூலும் காகிதமும் பல்புக்குப் பக்கத்தில் பயமில்லாமல் இருக்க முடிவதே புதுக் காலத்து வசதி. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்இடி தருகிறது. குண்டு பல்பு வாங்கிக்கொண்ட மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகவில்லை, மற்றதெல்லாம் சூடு. அதற்குள் இந்த நூல் கூட்டைத் தொங்க விட்டிருந்தால் கருகியிருக்கலாம். வெள்ளை எல்இடிக்கு வழி திறந்தது நீல எல்இடி. அதைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள். பிள்ளையிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

ஜப்பான் என்றதும் இன்னொன்று. இசாமு நோகுச்சி என்ற சிற்பி 1951-இல் அங்கே கிஃபு என்ற ஊருக்குப் போனார். மூங்கிலும் கையால் செய்த காகிதமும் வைத்து விளக்குக்கூடு செய்வது அந்த ஊரின் பழைய தொழில். மரத்தில் ஓர் உருவம் வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் மூங்கில் சிம்பைச் சுற்றி, காகிதம் ஒட்டி, காய்ந்ததும் உள்ளே இருக்கும் மரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துவிடுவார்கள். கூடு மட்டும் நிற்கும். அந்தக் கைவேலைக்காரர்களோடு சேர்ந்து நோகுச்சி வடிவமைத்த 'அகாரி' விளக்குகள் உலகம் முழுக்கப் பேர் வாங்கின. அங்கே மர உருவம் செய்யும் வேலையை நம் வீட்டில் பலூன் செய்கிறது. உங்கள் பிள்ளை கையில் இருப்பது விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை. ஒரு பெரிய தொழிலின் அரிச்சுவடி.

அவ்வளவு தூரம் போவானேன். பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் நட்சத்திரம் தெரியும். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, ஐந்து முனை வைத்துக் கட்டி, காற்றாடித் தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து வாசலில் ஏற்றுவார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் கட்டுவார்கள், பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தாள் ஒட்ட வந்துவிடுவார்கள். இப்போது மடித்து வைத்த அட்டை நட்சத்திரம் கடையில் கிடைக்கிறது. விரித்து மாட்டினால் முடிந்தது. வாசலில் வெளிச்சம் அதேதான். ஆனால் பசைக் கையோடு நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்த சாயங்காலத்தைக் கடையில் மடித்து விற்பதில்லை.

இனி என் கணக்குக்கு வருகிறேன்.

பள்ளியில் கைவேலை வேண்டும் என்று பேசினாலே நம் ஊரில் சிலருக்கு நெற்றி சுருங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். மற்ற நேரத்தில் அப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் போயிற்று. அது போகாதிருந்தால் நான் டீச்சராகியிருக்க மாட்டேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குயவன் பிள்ளை மண் பிசையட்டும், அதிகாரி பிள்ளை புத்தகம் படிக்கட்டும் என்பதல்ல. எல்லாப் பிள்ளையும் படிக்க வேண்டும், எல்லாப் பிள்ளையும் பசையில் கை வைக்கவும் வேண்டும். முக்கியமாக, தலைமுறை தலைமுறையாகக் கை அழுக்காகாத வீட்டுப் பிள்ளை வைக்க வேண்டும்.

எதனால் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பையனைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. வீட்டில் கோரைப்பாய் நெய்வார்கள். அதை வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. "அம்மா என்ன பண்றாங்க?" என்றால் "வீட்ல இருக்காங்க டீச்சர்" என்பான். ஒளி பாடம் நடத்தும்போது இந்த நூல் கூட்டைக் குழு குழுவாகச் செய்யச் சொன்னேன். மற்ற குழுக்களில் நூல் சிக்கலாகிக் கூச்சல். இவன் குழுவில் சத்தமே இல்லை. நூலை ஒரே இழுப்பில், ஒரே இறுக்கத்தில், சீராக இடைவெளி விட்டுக் கொண்டுபோகிறான். முதல் மார்க் வாங்குகிற பையன் எழுந்து வந்து, "எப்படிலே இப்படி வருது, எனக்கும் சொல்லிக் கொடுலே" என்றான். இவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "எங்கம்மா பாய் நெய்வாங்க. தறியில நூலு இப்படித்தான் நிக்கணும்."

அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் அவன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினான் என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன். வாங்கவில்லை. ஆனால் அம்மாவின் தொழிலைச் சொல்ல அவனுக்கு மறுபடி தயக்கம் வரவில்லை. அன்றைக்கு நான் செய்து வந்த கூட்டையோ கடையில் வாங்கிய கூட்டையோ மேசையில் வைத்துப் பாடம் நடத்தியிருந்தால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்காது. முதல் மார்க் பையனும் தன் கையால் முடியாத ஒன்று இன்னொருவன் கையில் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டான். இரண்டும் ஒரே பாடம்.

நூலைச் சுற்றித் தோற்ற பிள்ளைக்கு இன்னொன்றும் தெரிந்துவிடும். ஒரு பொருளில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது. ரோட்டோரத்தில் ஓலைக் கொட்டான் விற்கிற அம்மாவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, ஏசி கடையில் விலைச் சீட்டைப் பார்க்காமல் கார்டைத் தேய்க்கும் படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் என் மாணவர்கள். கெட்டவர்கள் இல்லை. அந்தக் கொட்டானின் ஓரத்தை மடித்துக் கட்ட எவ்வளவு நேரமாகும் என்று அவர்கள் கை அறியாது, அவ்வளவுதான். தன் கையால் ஒரு கோணல் கூடு செய்தவனுக்கு அந்த அம்மாவிடம் பேரம் பேச நாக்கு கூசும். ஆயிரம் நீதிக்கதை சொல்லியும் வராத கூச்சம் இது.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள்மேலும் கொஞ்சம் தப்பு உண்டு. அழகான கூட்டுக்குப் பத்துக்குப் பத்தும், சப்பைக் கூட்டுக்கு நாலும் போட்டால் எந்த அம்மாதான் சும்மா இருப்பாள்? கூட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு பீரியட் ஒதுக்கி வகுப்பிலேயே செய்ய வையுங்கள். நாலு பிள்ளைக்கு ஒரு பலூன் போதும். மார்க்கைக் கூட்டுக்குப் போடாமல், "எங்கே கெட்டுப்போனது, ஏன், அடுத்த தடவை என்ன மாற்றுவாய்" என்று பிள்ளை சொல்கிற பதிலுக்குப் போடுங்கள். அந்தப் பதிலைக் கடையில் விற்க மாட்டார்கள். "போர்ஷன் முடியலையே டீச்சர்" என்பீர்கள். நிழல் பாடத்துக்கு எப்படியும் இரண்டு பீரியட் எடுக்கத்தானே போகிறீர்கள்?

பெற்றோருக்கும் தெரியும், எல்லாப் பள்ளியும் இப்படி மாறிவிடாது. வேலைக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும்போது, "நாளைக்கு பிராஜெக்ட் கொண்டுபோகணும்" என்று பிள்ளை நிற்கும். அந்த அலுப்பு எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு நீங்கள் செய்து கொடுப்பதைவிட, செய்யாமல் அனுப்புவது நல்லது. டைரியில் ஒரு வரி எழுதுங்கள்: "பிள்ளை செய்துகொண்டிருக்கிறாள், இரண்டு நாள் வேண்டும்." நூல் காய ஒரு நாள் ஆகும் என்பது எந்த அறிவியல் ஆசிரியருக்கும் புரியும். புரியாவிட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

பிள்ளை செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "இங்கே சுத்து, அங்கே சுத்து" என்று சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். பழகினால் வரும். பலூன் வெடித்தால் சேர்ந்து சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுங்கள். அதற்காகத்தான் இரண்டு பலூன் வாங்கச் சொல்வது. செய்து முடித்ததை ஷோகேஸில் வைக்காதீர்கள், உள்ளே பல்பைப் போட்டு மாட்டுங்கள். விருந்தாளி வந்து, "என்ன இது ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லும் வேலையையும் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள்.

இனிமேல் எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் சாய்ந்தது, சப்பையானது, பாதியில் நின்றது, இதையெல்லாம் அனுப்புங்கள். கூடவே பிள்ளையிடம் போனைக் கொடுத்து, எப்படி அப்படி ஆனது என்று பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் கேட்டுப் பதில் போடுவேன். ஓய்வு பெற்ற டீச்சருக்கு வேறென்ன வேலை?

தங்க லேஸ் வைத்த கூட்டுக்கு மட்டும் இனி லைக் கிடையாது.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்